ஒருமுனை டெர்மல் பியர்சிங்: தோல் எப்போது ஏற்கிறது, எப்போது வெளியே தள்ளுகிறது

மார்பெலும்பின் மேலோ, கன்ன எலும்பின் மேலோ, பிடரியிலோ, இடுப்பின் ஓரத்திலோ ஒற்றைக் கல் மட்டும் தோலின்மீது ஒட்டவைத்ததைப் போலத் தெரியும் அணிகலனுக்கு டெர்மல் பியர்சிங் என்று பெயர். உண்மையில் அது ஒட்டப்பட்டதன்று. கல்லின் அடியில் ஒரு சிறு தண்டு இருக்கிறது. தண்டின் அடியில், தோலுக்குள் புதைந்த நிலையில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள தட்டையான உலோகப் பாதம் இருக்கிறது. பாதத்தில் துளைகள் விடப்பட்டிருக்கும். புண் ஆறும்போது புதிய திசு அந்தத் துளைகளின் ஊடாக வளர்ந்து பாதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் வடிவமைப்பு. பாதமும் தண்டும் சேர்ந்த இந்தப் பகுதியைப் பியர்சர்கள் ஆங்கர் என்கிறார்கள். மேலே திருகப்படும் கல்லை மாற்றிக்கொள்ளலாம். ஆங்கரை மாற்ற முடியாது.

காது குத்துதலும் மூக்குத்தியும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை என்பதால், அவற்றைப் பற்றி நமக்குள்ள அனுபவ அறிவை இதற்கும் அப்படியே பொருத்திப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. சிக்கல்களில் கணிசமானவை இங்கேதான் தொடங்குகின்றன. காது மடலில் ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. இரண்டு வாய்களிலிருந்தும் மேல்தோல் உள்நோக்கி வளர்ந்து, நடுவில் சந்தித்து, துளை முழுவதற்கும் தோலாலான உட்சுவர் ஒன்றை அமைத்துவிடுகிறது. அதன்பின் தோடு உடலுக்குள் இருப்பதாகவே உடல் கருதுவதில்லை. அது தோலின் வெளிப்புறத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. டெர்மல் பியர்சிங்கில் மறுவாய் இல்லை. மேல்தோல் தண்டைச் சுற்றிச் சற்று இறங்கி நிற்க வேண்டும். அதற்குக் கீழே பாதம் உள்தோலின் திசுவோடு நேரடியாகத் தொடர்பில் இருந்தாக வேண்டும். அதாவது, அணிகலன் இருக்கும் காலம் முழுவதும் அந்த இடத்தில் தோல் என்னும் தடுப்பு முழுமையாக மூடப்படாமலே இருக்கிறது. பியர்சர்கள் 'ஆறிவிட்டது' என்று சொல்லும்போது, ஒன்று முதல் மூன்று மாதங்களில் வீக்கமும் கசிவும் நின்று ஆங்கர் நிலைபெற்றுவிட்டது என்றே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். காது மடலைப் போல முழுமையாக ஆறுவது இதற்குக் கிடையாது.

மேல்தோலின் இயல்பு, எந்தத் திறப்பின் விளிம்பையும் பற்றிக்கொண்டு வளர்ந்து அதை மூட முயல்வது. ஆங்கர் அசையாமல் இருந்து, உள்தோல் அதை இறுகப் பற்றியிருந்தால் அந்த வளர்ச்சி தண்டின் மேற்பகுதியிலேயே நின்றுவிடும். ஆங்கர் அடிக்கடி ஆடினால் அந்தப் பிடி கிழிந்துகொண்டே இருக்கும். கிழிந்த இடைவெளியில் மேல்தோல் மேலும் கீழே இறங்கும். அது பாதத்தின் அடிப்புறம் வரை சென்றுவிட்டால், பாதம் இருக்கும் இடம் உடலின் கணக்கில் 'வெளியே' ஆகிவிடுகிறது. பிறகு நடப்பது, கையில் ஏறிய சிராய் சில நாளில் தானே மேலேறி வருவதைப் போன்றதுதான். இதற்குப் பகையுணர்வோ, 'என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்ற விளக்கமோ தேவையில்லை. தோல் தன் வழக்கமான வேலையைச் செய்கிறது.

தோலைத் துளைத்து நிற்கும் உலோகத்தைப் பற்றி மருத்துவத்துக்கு இதைவிட நீண்ட அனுபவம் உண்டு. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1977இல், காதின் பின்புற எலும்பில் டைட்டானியத் திருகு ஒன்றைப் பதித்து, தோலுக்கு வெளியே நீளும் தண்டில் செவித்துணைக் கருவியைப் பொருத்தும் முறை நோயாளிகளிடம் முதன்முதலில் கையாளப்பட்டது. அந்தத் திருகு எலும்போடு ஒன்றி, சற்றும் அசையாது. அப்படியிருந்தும் தண்டைச் சுற்றியுள்ள தோலில் சிவப்பும் ஈரக் கசிவும் சிலருக்கு வந்தன. தோல் தண்டின்மீது உராய்வதைக் குறைக்க, அந்த இடத்தில் தோலின் அடியிலுள்ள திசுவை மெலிதாக்கும் வழக்கத்தை அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் கடைப்பிடித்தார்கள். அங்கே தோலின் நிலையைக் குறிக்க, எரிச்சல் அறவே இல்லாத பூஜ்ஜியம் முதல் தொற்றினால் தண்டை எடுத்தே ஆக வேண்டிய நான்கு வரையிலான ஹோல்கர்ஸ் அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. எலும்பில் ஊன்றிய தண்டுக்கே இத்தனை கண்காணிப்பு தேவைப்பட்டது என்றால், மெல்லிய தோலை மட்டுமே பிடிமானமாகக் கொண்ட ஆங்கரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவு. அழகுக்காகச் செய்யப்பட்ட முன்னோடி முறையும் இதையே காட்டியது. அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த ஸ்டீவ் ஹேவர்த் 1990களின் நடுவில் செய்த டிரான்ஸ்டெர்மல் பதிப்புகள் அளவில் பெரியவை. தோலைக் கீறி, உட்புறம் பிரித்து, பெரிய தட்டைப் புதைக்க வேண்டியவை. அவற்றின் தொல்லைகளுக்கு மாற்றாகவே 2000களில் சிறிய ஆங்கர்கள் பரவின. ஆங்கர் சிறியதானதால் காயமும் சிறியதானது. அதை எடுப்பதும் எளிதானது. பிடிமானமும் அதே அளவுக்குக் குறைந்தது.

இடம் தேர்வதிலேயே பாதி தடுப்பு

அசைவே முதல் எதிரி என்று ஏற்றுக்கொண்டால், எந்த இடத்தில் குத்துவது என்ற கேள்விக்கு விடை ஓரளவு தானே கிடைத்துவிடுகிறது. தட்டையாகவும், அதிகம் மடங்காததாகவும், துணியோ பட்டையோ உரசாததாகவும் உள்ள இடமே தகுந்தது. விரல்கள், புறங்கை, மணிக்கட்டு ஆகியவை படங்களில் அழகாகத் தெரியும். நாள் முழுவதும் மடங்கி, நனைந்து, எதிலாவது இடித்துக்கொண்டிருக்கும் அந்த இடங்களில் ஆங்கர் நீடிப்பது அரிது. இதை மறைத்து, கேட்ட இடத்தில் குத்திக் கொடுக்கும் பியர்சரைவிட, 'இங்கே வேண்டாம்' என்று திருப்பி அனுப்புபவரையே நான் நம்புவேன்.

நம் உடைகளையும் இதில் கணக்கில் கொள்ள வேண்டும். இடுப்போரத்து ஆங்கர் புடவைக் கட்டுக்கும் பாவாடை நாடாவுக்கும் நேர் எதிரில் இருக்கிறது. மார்பெலும்பின் மேல் உள்ளதைத் தாலிக்கொடியோ நீண்ட சங்கிலியோ ஓயாமல் தட்டும். துப்பட்டாவின் ஜரிகை நூல் கல்லின் அடியில் ஒருமுறை மாட்டினால், தலைவழியாக உடையைக் கழற்றும் வேகத்தில் ஆங்கர் சாய்ந்துவிடும். தோள்பட்டை எலும்புக்கு அருகே இருந்தால் பையின் பட்டையும் கார் இருக்கைப் பட்டையும் அழுத்தும். பிடரியில் நீண்ட கூந்தலும் சீப்பும். பூத்துவாலையின் வளையங்கள் எந்த இடத்திலும் ஆபத்தானவை. குளித்தபின் அந்த இடத்தைத் துவாலையால் துடைக்காமல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் தாளாலோ காஸ் துணியாலோ ஒற்றியெடுக்கச் சொல்வது இதனால்தான்.

இடத்துக்கு அடுத்தது ஆழம். மேலோட்டமாக வைத்த ஆங்கரை வெளியேற்றுவது தோலுக்கு எளிது. மிக ஆழமாக வைத்தால் கல் தோலுக்குள் அமிழ்ந்து, விளிம்பிலிருந்து தோல் அதன்மேல் ஏறத் தொடங்கும். உள்தோலின் தடிமன் உடலின் இடத்துக்கு இடம் மாறும். கண்ணிமையில் மிக மெல்லியது, முதுகில் தடித்தது. ஆகவே ஒரே நீளத் தண்டு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வட்டக் கத்தியால் தோலில் சிறு துளையிட்டு வைப்பவர்களும் உண்டு, ஊசியால் பை போன்ற இடத்தை உண்டாக்கி வைப்பவர்களும் உண்டு. எது சிறந்தது என்ற வாதம் பியர்சர்களிடையே முடிந்தபாடில்லை. செய்பவருடைய கையின் பழக்கம் முறையைவிட முக்கியம் என்றே தோன்றுகிறது.

உலோகத்தைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க இடமில்லை. உடலுக்குள் பதிக்கும் தரமுள்ள டைட்டானியம் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற தர எண்ணைக் கேட்க வேண்டும். அந்த உற்பத்தித் தொகுதிக்கான சான்றிதழைக் காட்டும்படியும் கேட்கலாம். 'சர்ஜிகல் ஸ்டீல்' என்ற பெயர் மட்டும் எதையும் உறுதிசெய்வதில்லை. பொதுவாக அப்பெயரில் விற்கப்படும் 316எல் எஃகில் 10 முதல் 14 சதவீதம் வரை நிக்கல் இருக்கும். நிக்கல் ஒவ்வாமையைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் சட்டம் கொண்டுவந்தது. துளையிட்ட இடத்தில் செருகப்படும் பகுதியிலிருந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்பது அங்கே இப்போதைய வரம்பு. தோடு போட்டால் காது அரிக்கும் என்றோ, வாட்சு பட்டை, ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில் சொறி வரும் என்றோ சொல்பவர்கள் இந்த ஒவ்வாமை உள்ளவர்களாக இருக்கக்கூடும். கழற்ற முடியாத ஆங்கரில் அதைச் சோதித்துப் பார்ப்பது மிகத் தவறான இடத்தில் செய்யும் சோதனை.

நிலையத்தின் சுத்தத்தையும் கேட்டறிய வேண்டும்: கருவிகள் ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கப்படுகின்றனவா, அந்த இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதற்கான ஸ்போர் சோதனைப் பதிவு இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. பிரிட்டனிலுள்ள வேல்ஸின் நியூபோர்ட் நகரில் 2015இல், ஒரு நிலையத்தில் பியர்சிங் செய்துகொண்ட சிலர் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் கடுமையான தொற்றுடன் மருத்துவமனையில் சேர்ந்ததைத் தொடர்ந்து, அங்கே முன்பு வந்துபோன நூற்றுக்கணக்கானோரை ரத்தப் பரிசோதனைக்கு அழைக்க நேர்ந்தது. வேல்ஸில் 2017ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் பியர்சிங்குக்கான உரிமம் 2024 நவம்பரில் கட்டாயமானது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் முன்பே போட்டிருப்பது நல்லது. பிறவி இதய நோய், செயற்கை இதய வால்வு, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. இதய உட்சுவர்த் தொற்று அபாயம் மிகுந்தவர்கள் பியர்சிங்கைத் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது.

பராமரிப்பு: குறைவாகச் செய்வதே கடினம்

பார்மசியில் கிடைக்கும் 0.9 சதவீத ஸ்டெரைல் சலைனை நாளுக்கு ஓரிரு முறை தெளித்து, ஊறிய பொருக்கை மட்டும் மெல்ல அகற்றி, உலரவிட வேண்டும். ஏறத்தாழ இவ்வளவுதான். முதல் சில நாட்களுக்கு உரசாமல் இருக்க மேலே பிளாஸ்டர் போடலாம். வீட்டு உப்பைக் கரைத்துச் செய்யும் நீர் பெரும்பாலும் அளவுக்கு மீறிய உப்புடன் தோலை வறட்டும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கிருமியோடு புதிய திசுவையும் அழிக்கும். மஞ்சள்தூள் கிருமியற்ற பொருளன்று. அதன் துகள்கள் தண்டைச் சுற்றித் தங்கிப் பொருக்கைக் கட்டியாக்கும். தேங்காயெண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். சொல்லப்போனால் வீட்டுப் பெரியவர்களின் கைவைத்தியத்தைவிட மருந்துக்கடைக் களிம்பே எனக்கு அதிகக் கவலை தருகிறது. நியோமைசினும் அதன் நெருங்கிய இனமான ஃப்ரமைசெட்டினும் உள்ள களிம்புகள் தோல் ஒவ்வாமைக்குப் பெயர்போனவை. அவற்றால் வந்த அரிப்பைத் தொற்று என்று எண்ணி மேலும் பூசுபவர்கள் உண்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னும் மோசம்: சிவப்பை மங்கச் செய்து, உள்ளே தொற்று வளர்வதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

ஆங்கர் நிலைபெறும் வரை நீச்சல்குளம், கடல், குளம், ஆறு எதிலும் அந்த இடம் மூழ்கக் கூடாது. தண்ணீரில் வாழும் சில மைக்கோபாக்டீரியங்கள் உண்டாக்கும் தொற்று வாரக்கணக்கில் மெதுவாகத் தலைகாட்டும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது. கல்லை மாற்றும் வேலையை முதல் மூன்று மாதங்களுக்குத் தள்ளிவைத்து, பிறகும் பியர்சரிடமே செய்துகொள்வது நல்லது. தண்டை அசையாமல் பிடித்துத் திருகுவது ஒற்றைக் கையால் ஆகிற காரியமன்று. கல்லின் அடியில் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் கசிந்த புண், தண்டைச் சுற்றியிருந்த ஒற்றை முடியை எடுத்ததும் அடங்குவது உண்டு.

எது இயல்பு, எது இல்லை

முதல் சில நாட்களில் லேசான ரத்தக் கசிவும், வீக்கமும், தொட்டால் வலியும் இருக்கும். அடுத்த வாரங்களில் தெளிந்த அல்லது வெளிர்மஞ்சள் நிணநீர் கசிந்து, காய்ந்து, தண்டைச் சுற்றிப் பொருக்காகும். இது சீழ் அன்று. சீழ் கெட்டியாகவும், மஞ்சளாகவோ பச்சையாகவோ, பெரும்பாலும் நாற்றத்துடனும் இருக்கும். ஒரு நாளின் தோற்றத்தைவிட நாட்களின் போக்கே நம்பத்தக்கது: ஆறும் புண்ணில் வலி நாளுக்கு நாள் குறையும், குறைந்த வலி மறுபடி கூடுவது எப்போதும் கவனிக்கத்தக்கது.

தொற்றின் அடையாளமாக எல்லாக் குறிப்புகளும் முதலில் சொல்வது சிவப்பு. வெளுத்த தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்தக் குறிப்பு நம்மில் பலருக்குப் பயன்படாது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அதே அழற்சி கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, வெறும் கருமையாகவோ தெரியும். சில வேளை நிறமாற்றமே தெரியாது. அங்கே கையைத்தான் நம்ப வேண்டும். சுத்தமான புறங்கையை ஆங்கரின் அருகிலும், உடலின் மறுபக்கத்தில் அதே இடத்திலும் வைத்துப் பார்த்தால் சூட்டின் வேறுபாடு தெரியும். தோல் இறுகி, பளபளத்து, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறமாற்றமோ வீக்கமோ எதுவரை இருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து, சில மணி நேரம் கழித்து அது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பது எளிய, பயனுள்ள வழி. தாண்டியிருந்தாலோ, காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலோ, ஆங்கரிலிருந்து கோடு போன்ற தடம் மேல்நோக்கி ஓடினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகத்தில் கண், மூக்கு, மேலுதட்டை ஒட்டி இருந்தால் இன்னும் விரைவாக. அந்தப் பகுதியின் ரத்தநாளங்கள் மண்டையோட்டின் உட்புறத்தோடு தொடர்புடையவை. உலோகத்தின்மேல் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொண்டால் மாத்திரை மட்டும் அவற்றை எட்டாது. ஆங்கரை எடுத்தால்தான் தீரும் என்று மருத்துவர் சொன்னால் அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

வெளித்தள்ளல் இதைப்போல ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. பெரும்பாலும் வலியே இருக்காது. கல் முன்பைவிடச் சற்று உயர்ந்து நிற்கும், அல்லது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தண்டின் அடிப்பகுதி வெளியே தெரியும். சுற்றியுள்ள தோல் மெலிந்து, உரிந்து, பளபளக்கும். கடைசியில் அதன் வழியே பாதத்தின் விளிம்பு சாம்பல் நிழலாகத் தெரியத் தொடங்கும். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துவைத்தால் கண்ணுக்குத் தப்பும் நகர்வு ஒப்பீட்டில் பிடிபடும். இந்த நிலைக்கு வந்தபின் பிளாஸ்டர் போட்டு அழுத்திவைத்தாலும் பலன் இல்லை. நகரத் தொடங்கிய ஆங்கர் திரும்ப ஊன்றுவதை எதிர்பார்க்க முடியாது. காத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது, ஒரு புள்ளித் தழும்புக்குப் பதிலாக நீண்ட பள்ளத் தழும்பு. பாதம் முழுவதும் தோலுக்குள் இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் தோலைக் காப்பாற்றும் முடிவு. கல்லின் விலையும், குத்தும்போது பட்ட வலியும் அந்த முடிவைத் தள்ளிப்போடச் சொல்லும்.

இவ்விரண்டுக்கும் நடுவே குழப்பத்தை உண்டாக்குபவை மூன்று. தண்டைச் சுற்றிச் சதை வளர்ந்ததுபோல் ஈரமான, செக்கச்சிவந்த, தொட்டால் ரத்தம் வரும் மொட்டு எழும்பினால் அது பெரும்பாலும் உராய்வும் ஈரமும் தூண்டிய மிகைத் திசு, தொற்று அன்று. உராய்வை நீக்கினால் பல வேளைகளில் சுருங்கும். இல்லையெனில் தோல் மருத்துவரின் வேலை. ஆஸ்பிரின் பசை, தேயிலை மர எண்ணெய் என்று தேடிப் பூசி ரசாயனத் தீப்புண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வாமை என்றால் வலியைவிட அரிப்பு முந்தும். உலோகமோ களிம்போ படும் பரப்பெங்கும் நுண்ணிய கொப்புளங்கள் எழும். கீலாய்டு என்னும் மிகைத் தழும்பு இவற்றைவிடத் தாமதமாக, மாதங்கள் கழித்து, காயத்தின் எல்லையைத் தாண்டிக் கெட்டியாக வளரும். கறுத்த தோல் உடையவர்களிடம் இது அதிகம். மார்பெலும்பும் தோளும் இதற்கு மிகவும் ஆளாகும் இடங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் காது குத்திய இடத்தில் உருண்டையாக வளர்ந்திருந்தால், மார்பில் ஆங்கர் வைப்பதைக் கைவிடுவதே அறிவுடைமை.

எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் ஆங்கர் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். டைட்டானியம் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை. ஆனால் மேலே திருகிய கல்லின் உலோகம் வேறாக இருக்கலாம், அருகிலுள்ள படமும் சிதையும். அறுவை சிகிச்சையில் மின்கருவியால் ரத்தநாளத்தைச் சுடும்போதும் உடலிலுள்ள உலோகம் தீப்புண்ணுக்கு வழிசெய்யலாம்.

எடுப்பதை வீட்டில் முயலக் கூடாது. பாதத்தின் துளைகளில் திசு வளர்ந்திருப்பதால் வெறுமனே இழுத்தால் தோல் கிழியும், அல்லது தண்டு மட்டும் முறிந்து பாதம் உள்ளே தங்கும். அனுபவமுள்ள பியர்சர் சுற்றியுள்ள திசுவை அழுத்தித் தளர்த்தி, பாதத்தின் குறுகிய முனையைச் சாய்த்து வெளியே எடுப்பார்; நன்கு ஊன்றியதென்றால் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு கீறலுடன் எடுப்பார். எடுத்தபின் பாதம் முழுதாக வந்திருக்கிறதா என்பதைத் தட்டில் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். காயம் மூடிய பிறகு அந்த இடத்தில் வெயில் படாமல் காத்தால் கருமை குறையும். அடுத்த சில மாதங்களில் தழும்பு தடித்து அரிக்கத் தொடங்கினால், அது சிறியதாக இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தழும்புக்குள் செலுத்தப்படும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, முற்றிய கீலாய்டைவிட இளம் தழும்பில் நன்றாக வேலை செய்யும்.